வராத இன்சென்டிவை நம்பி வாங்கும் கடன்

கேள்வி: என் கணவர் சென்னையில் உணவு டெலிவரி செய்கிறார். மாதம் சுமார் 28,000 ரூபாய் வருகிறது. வண்டித் தவணை 4,100 ரூபாய். வாரக் கணக்கு இடிக்கும்போதெல்லாம் கடன் ஆப்பில் பணம் எடுப்பார். இப்போது அப்படி இரண்டு கடன்கள் உள்ளன. போன மாதம் மழையில் வழுக்கி விழுந்து பத்து நாள் வீட்டில் இருந்தார். இதற்கிடையே என் தம்பியும் டெலிவரிக்குப் போகப் போவதாகச் சொல்லி, இவர் பெயரில் வண்டிக்கடன் கேட்கிறான். தினம் 50 ரூபாய் டிஜிட்டல் தங்கத்தில் போடலாமா?

பதில்: அந்த 28,000 ரூபாயைச் சம்பளமாக எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நாளுக்கு 120 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பெட்ரோலுக்கே ஏறக்குறைய 6,300 ரூபாய் போகும். ஆயில், டயர், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்து இன்னும் 2,600 ரூபாய் ஆகும். தவணையும் போக, வீட்டுக்கு வருவது 15,000 ரூபாய்தான். நிறுவனம் தன் வண்டியை ஓட்டியிருந்தால் தானே சுமந்திருக்கக்கூடிய செலவையும், விழுந்து கிடக்கும் பத்து நாளின் இழப்பையும் உங்கள் வீடு சுமக்கிறது. ஆர்டர் குறைந்தாலும் தவணை குறையாது.

இப்போது ஆப் கடனுக்கு வருகிறேன். உங்கள் வீட்டை அரிப்பது அதுதான். நீங்கள் அனுப்பிய விவரப்படி, 10,000 ரூபாய் கடனில் கைக்கு வந்தது 9,000. முப்பதாம் நாள் கட்ட வேண்டியது 10,400. அதாவது 9,000 ரூபாயை ஒரு மாதம் வைத்திருக்க 1,400 ரூபாய். இரண்டு கடனுக்கு 2,800. வார இலக்கை எட்டினால் இன்சென்டிவ் 800 ரூபாய் என்கிறீர்கள். நான்கு வாரமும் தவறாமல் எட்டினாலும் 3,200 ரூபாய்தான். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, 'இன்னும் மூன்று ஆர்டர்' என்று திரை காட்டுவதை நம்பி அவர் ஈரச் சாலையில் விரட்டிச் சம்பாதிக்கும் தொகை, ஏறக்குறைய முழுவதும் கடன் கொடுத்தவனுக்கே போய்விடுகிறது.

ஆகவே இந்த மாதமே உங்கள் நகையில் கொஞ்சத்தைக் கூட்டுறவு வங்கியில் வைத்து இரண்டு கடனையும் அடைத்து, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ டெபிட் அனுமதியை ரத்து செய்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். 20,800 ரூபாய்க்கு மாத வட்டி 200 ரூபாயை ஒட்டித்தான் வரும். இதுவரை போய்க்கொண்டிருந்த 2,800 ரூபாயை மாதாமாதம் கட்டினால் எட்டு மாதத்தில் நகை திரும்பிவிடும்.

தம்பிக்கு உங்கள் கணவர் பெயரில் கடன் வேண்டாம். தம்பி விழுந்தாலும், வேலை பிடிக்காமல் விட்டாலும், தவணை உங்கள் வாசலுக்கே வரும். டிஜிட்டல் தங்கமும் வேண்டாம். அது தன் ஒழுங்குமுறைக்குள் வராத ஒன்று என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியே எச்சரித்திருக்கிறது. அந்த 50 ரூபாயைத் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கென்று போட்டுவையுங்கள்.

2023-இல் தமிழக அரசு, ஆப் வழியே வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்காக அமைத்த நல வாரியத்தில் அவரைப் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் விபத்துக் காப்பீட்டை வங்கியில் எடுங்கள். அது உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும்தான். பத்து நாள் படுக்கைக்கு எதுவும் தராது. வண்டியின் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கும் சரக்குக்கும் ஓட்டுவது விலக்கப்பட்டிருக்கும். வண்டி சேதத்துக்கான கோரிக்கை அந்தக் காரணத்துக்காகவே மறுக்கப்படலாம். அடுத்த புதுப்பித்தலுக்கு முன், டெலிவரிக்கு ஓட்டுவதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.