கேப் எருமைக்கு எந்தக் குண்டு?

தம்பி, வேலை விசாவில் ஜோகன்னஸ்பர்க் வந்த கையோடு வடக்கே லிம்போபோ மாகாணத்தில் கேப் எருமை (ஆப்பிரிக்கக் காட்டெருமை) வேட்டைக்கு அழைப்பு வந்திருக்கிறது, .375 ரைபிளுக்கு எந்தத் தோட்டா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களால் வாங்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி உரிமம் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். உரிமம் இல்லாதவருக்குக் கடையில் தோட்டாவும் தர மாட்டார்கள். ஆனால் உரிமக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் அவருடைய துப்பாக்கியால் நீங்கள் சுடலாம். ஆகவே நண்பரிடம் கேளுங்கள்: அந்த ரைபிள் எந்தக் குண்டுக்கு ஸீரோ (குறிவைத்த இடத்திலேயே படும்படி சரி) செய்யப்பட்டிருக்கிறது?

நம் பேச்சில் தோட்டாவும் குண்டும் ஒன்றுதான். இங்கே பிரித்துப் பேச வேண்டும்: கேஸ் என்ற உலோகக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா; அதன் நுனியிலிருந்து பறந்துபோய்ப் படும் பகுதி மட்டும் குண்டு. ஏனென்றால் தவறு நடப்பதெல்லாம் குண்டில்தான். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற தோட்டா வகையில் வழக்கமாகப் போடும் குண்டின் எடை 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். வேகம் நொடிக்குச் சுமார் 2500 அடி. எடை சரியாக இருந்தாலும், மான் வகைகளுக்கான சாதாரண சாஃப்ட் குண்டு (பட்டதும் முனை விரியும் வகை) எருமையின் தோள் எலும்பில் பட்டால் வெளியே உள்ள உலோக உறை வேறு, உள்ளே உள்ள ஈயம் வேறாகச் சிதறி, நுரையீரலை எட்டாமலே நின்றுவிடும். காயம்பட்ட எருமை புதருக்குள் போய் நின்றுகொள்ளும், பிறகு நீங்கள்தான் உள்ளே போக வேண்டும்.

அதனால் முதல் தோட்டா, விரிந்தாலும் உடையாத சாஃப்ட்டாக இருக்கட்டும். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் என்ற குண்டில் நடுவே செம்புத் தடுப்பு உண்டு, முன்பாதி ஈயமும் உறையோடு பிணைந்திருக்கும். பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் முழுக்கச் செம்பு. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகி, தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கான இடத்தைத் தின்னும். எடை இழக்காத குண்டு என்பதால் அதில் 270 கிரெயினே போதும்.

அடுத்தடுத்த தோட்டாக்கள் சாலிட் என்பது இங்குள்ள வழக்கம். சாலிட் விரியாது, ஆழமாகத் துளைக்கும். உருண்டை மூக்கைவிடத் தட்டை மூக்கு நேராகப் போகும். ஓடும் எருமையைப் பின்னாலிருந்து சுட அதுதான் வேண்டும். ஆனால் ஒன்றைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். மந்தை நெருக்கமாக இருந்தால் இரண்டாவதும் சாஃப்ட்டே நல்லது என்பேன்.

புறப்படுமுன் சுடுதளத்தில் இரண்டு வகையையும் 50 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்குள் விழவில்லையென்றால் வேறு ஜோடி தேடச் சொல்லுங்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகஸினை நிரப்பி, அவற்றை உள்ளே தள்ளும் போல்ட்டை வேகமாக இழுத்துத் தள்ளியும் பாருங்கள். தட்டை மூக்கு சில ரைபிள்களில் சேம்பர் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) வாயில் இடித்து நின்றுவிடும். தோட்டாவை வண்டியின் டேஷ்போர்டில் வெயிலில் போடாதீர்கள். மருந்து சூடானால் அழுத்தம் ஏறி, கேஸ் சிக்கி, போல்ட் திறக்க மறுக்கும்.

குறி: பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே மேலே போய், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். எருமையின் இதயம் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கிறது. மானுக்குப் போல தோளுக்குப் பின்னால் தள்ளிச் சுட்டால் வயிற்றில் பாயக்கூடும்.

விழுந்துவிட்டாலும் உடனே கிட்டே போகாதீர்கள். பின்பக்கமாக வந்து, இன்னொரு சாலிட் போட்ட பிறகு போங்கள்.