சுவாகிலியில் குறிக்கோளுரை: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஓட்டக் குழுவின் குறிக்கோளுரை ‘மனம் தளராதே’ என்பதாகும். அதைச் சட்டையில் சுவாகிலியில் எவ்வாறு அச்சிடலாம்?

பதில்: கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவலாகப் பேசப்படும் சுவாகிலியில் ‘உசிகாத்தே தமா’ என்பது வழக்கிலுள்ள தொடர். ‘ஆசையை வெட்டாதே’ என்பது அதன் நேர்ப்பொருளாயினும், கேட்பவர் அதை ‘நம்பிக்கை இழக்காதே’ என்றே புரிந்துகொள்வார். ஆனால் இது ஒருவரை விளிக்கும் வடிவம். பலரை விளித்தால் ‘ம்சிகாத்தே’ என்றும், சொல்பவர் தம்மையும் சேர்த்துக்கொண்டால் ‘துசிகாத்தே’ என்றும் சொல்லின் தொடக்கம் மாறும். குழுவுக்கு மூன்றாவதே பொருந்தும் என்பேன். முதலாவதை அணிந்து ஓடுபவர் எதிரே வருபவருக்கு அறிவுரை கூறுவதாக ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் எத்தியோப்பியரும் உள்ளனர். அம்காரிக் மொழியில்?

பதில்: அம்காரிக் அரபு, எபிரேயம் அடங்கிய செமித்தியக் குடும்பத்தையும், சுவாகிலி ஆப்பிரிக்காவின் பாந்துக் குடும்பத்தையும் சேர்ந்தவை; ஆயினும் அங்கும் நம்பிக்கை ‘வெட்டப்படுகிறது’ என்பது வியப்புக்குரியது. ஆணிடம் ‘தெஸ்ஃபா அத்குரெத்’ என்றும், பெண்ணிடம் ‘அத்குரெச்சி’ என்றும், பலரிடம் ‘அத்குரெத்து’ என்றும் சொல்ல வேண்டும். இருபாலரும் அணியும் சட்டையில் பன்மை வடிவத்தையே அச்சிடுங்கள்.

கேள்வி: கென்யாவில் ஒரு பள்ளிச் சுவரில் ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுத விரும்புகிறோம். ‘ஹராம்பே’ போதாதா?

பதில்: ‘அனைவரும் சேர்ந்து இழுப்போம்’ என்று பொருள்படும் ‘ஹராம்பே’ கென்யாவின் அரசுச் சின்னத்திலேயே இருக்கிறது, 1963இல் விடுதலை கிடைத்த காலத்தில் நாட்டின் முதல் பிரதமரான ஜோமோ கென்யாட்டா அதை நாட்டின் அறைகூவலாக்கினார். எனினும் இன்று அச்சொல் நிதி திரட்டும் கூட்டத்தையும் குறிப்பதால், பள்ளிச் சுவரில் அதைக் காணும் பெற்றோருக்கு நன்கொடை நினைவுக்கு வரக்கூடும். ‘உமோஜா நி ங்குவு, உதெங்கானோ நி உதாயிஃபு’, அதாவது ஒற்றுமை வலிமை, பிரிவினை பலவீனம், என்ற பழமொழி ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக மொழிபெயர்க்கத் தேவையில்லை. இடம் குறைவெனில் முதற்பாதி போதும். அண்டை நாடான தான்சானியாவின் அரசு வாசகமான ‘உஹுரு நா உமோஜா’விலும், அதாவது விடுதலையும் ஒற்றுமையும் என்பதிலும், இந்த ‘உமோஜா’வே நிற்கிறது.

கேள்வி: சொற்களை மட்டும் மாற்றி அதையே உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. உகாண்டாவின் லுகாண்டாவும் ருவாண்டாவின் கிஞருவாண்டாவும் பாந்து மொழிகளே. ஆனால் இம்மொழிகளில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்துள்ளன; பெயர்ச்சொல் எந்த வகுப்பைச் சேர்ந்ததோ அதற்கேற்ப அடைமொழியும் வினையும் முன்னொட்டு ஏற்பதால், ஒரு சொல்லை மாற்றினால் வாக்கியம் முழுவதும் மாற வேண்டியிருக்கும். லுகாண்டாவில் ‘கமு கமு க்வே முகண்டா’ என்ற பழமொழி உண்டு. ஒவ்வொன்றாகச் சேர்ந்தே கட்டு உருவாகும் என்பது பொருள். ருவாண்டாவின் அரசு வாசகம் ‘உபும்வே’ என்று ஒற்றுமையிலேயே தொடங்குகிறது. அச்சொல்லிலிருந்து உங்கள் வாசகத்தை அமைப்பது நலம்.

கேள்வி: ‘ஹகுனா மதாதா’ எப்படி?

பதில்: ‘சிக்கல் ஏதுமில்லை’ என்பது குறிக்கோள் ஆகாது, சுற்றுலாக் கடைகளுக்கே அதை விட்டுவிடலாம்.

கேள்வி: வாசகம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைப் பெண்கள் உடலில் சுற்றி அணியும் ‘கங்கா’ என்ற அச்சுத் துணியைப் பாருங்கள். அதன் கீழ்க்கரைக்கு மேலே ‘ஜினா’ எனப்படும் ஒரே வரி அச்சிடப்பட்டிருக்கும். சுவாகிலி வாசகர் பழகிய அளவு அதுவே.

கேள்வி: அச்சகத்தாரிடம் எதை வலியுறுத்த வேண்டும்?

பதில்: எழுத்துகளை அவர்கள் ‘திருத்தாமல்’ இருப்பதை. இப்பகுதியின் பிற மொழிகளில் அச்சிடும்போது இது மேலும் முக்கியம். சோமாலியாவின் சோமாலி மொழி 1972 முதல் ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதில் சில எழுத்துகள் ஆங்கிலத்தில் இல்லாத தொண்டையொலிகளைக் குறிக்கும். கென்யாவின் கிகுயு மொழியில் இரு உயிரெழுத்துகளின் மேல் அலைக்குறி வரும். அதை நீக்கினால் அது வேறு உயிரெழுத்தாகிவிடும்.