கிட்டப் போய் டிவி பார்த்தால் கண் அவிந்து போகுமா? – கேள்வி பதில்

காரைக்குடியில் ரேடியோ, டிவி மெக்கானிக்காக இருந்து, அப்புறம் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். கரண்ட், டிவி, செல்போன் பற்றிச் சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வைத்ததில் எது நிஜம், எது சும்மா மிரட்டல் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும், இங்கிருந்து வெளியூர் போனவர்களிடமிருந்தும் நிறைய வந்தது. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கோட்டையூரிலிருந்து ஒரு தாய்: "டிவிக்குக் கிட்ட உட்காராதே, கண்ணு அவிஞ்சு போகும்" என்று எங்கள் அப்பத்தா சொல்லும். இப்போது அதையே என் மகளிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிஜமா?

அவியாதும்மா. ஆனால் இந்தப் பேச்சு காற்றில் முளைத்ததில்லை. 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சில பெரிய கலர் டிவிகளிலிருந்து அளவுக்கு மேல் எக்ஸ்ரே கசிந்தது தெரியவந்தது. உள்ளே உயர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு வால்வுதான் காரணம். அதைத் திருத்திக் கொடுத்தார்கள், அடுத்த வருஷமே கதிர்வீச்சுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். "தள்ளி உட்கார்" என்கிற பயம் உலகம் முழுக்கப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நமக்குக் கலர் டிவி வந்ததே 1982-ல். அதற்குள் அந்த வால்வின் இடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. பிக்சர் டியூபின் முகப்புக் கண்ணாடியும் கதிரைத் தடுக்கிற தடிமன் கண்ணாடிதான்.

பழைய டிவிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமம் எழுந்து நிற்கும், விரல் பட்டால் பட்பட்டென்று சத்தம் வரும், ஞாபகமிருக்கிறதா? அதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் "கதிர் அடிக்குது" என்றார்கள். அது வெறும் நிலைமின்சாரம். கண்ணாடியில் தூசி அப்பிக்கொள்வதும் அதனால்தான். இப்போதுள்ள எல்.இ.டி. டிவியில் அந்தக் கதையே கிடையாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. பிள்ளை எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி கிட்டப் போய் உட்கார்ந்தால், அதற்கு ஏற்கெனவே கிட்டப்பார்வை இருக்கலாம். கிட்டப் போனதால் கண் கெட்டது என்று நாம் நினைப்போம். கண் தெரியாததால்தான் கிட்டப் போகிறது. திட்டுவதை விட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

டிவியைவிட ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்க்கிற போனும், வெயிலையே பார்க்காமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதும்தான் இன்றைக்குக் கவலைப்பட வேண்டியவை. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளி வெளிச்சத்தில் விடச் சொன்னார்கள். ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவு அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஊருணிக்கரைப் பக்கம் விளையாட விடுங்கள், போதும்.

புதுவயல், பிளஸ் டூ மாணவி: இருட்டில் போன் பார்த்தால் கண் கெடுமா? மங்கலான வெளிச்சத்தில் படித்தால்?

இரண்டிலுமே கண் களைக்கும், காயும், எரியும். நிரந்தரமாகக் கெடாது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, அதுதான் எரிச்சல். ராத்திரி படுத்துக்கொண்டு பார்த்தால் கெடுவது தூக்கம். பரீட்சை வருகிற நேரத்தில் அது கண்ணைவிடப் பெரிய நஷ்டம், சொல்லிவிட்டேன்.

கானாடுகாத்தானில் தாத்தா கட்டிய வீட்டைப் பராமரிப்பவர்: ஃபிரிட்ஜைச் செருப்புப் போடாமல் திறக்கக்கூடாது என்று ஆச்சி ரப்பர் செருப்பு ஒன்றை அதன் முன்னாலேயே போட்டு வைத்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அதில் அர்த்தம் உண்டா?

அண்ணே, சிரிக்காதீர்கள். வந்த கேள்விகளிலேயே நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து பதில் எழுதியது இதற்குத்தான்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வயரிங் எப்போது போட்டது என்று பாருங்கள். தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடும் கம்பி, பீங்கான் ஃபியூஸ், இரண்டு ஓட்டைப் பிளக். அந்தக் கம்பியின் மேலுள்ள ரப்பர் வயதாகி மொறுமொறுத்துப் போயிருக்கும். விரலால் நிமிண்டினால் கறுப்புப் பொடியாகக் கையில் ஒட்டும். அந்தக் காலத்தில் அதில் எரிந்தது நாலு பல்பு, ஒரு ரேடியோ. இன்றைக்கு அதே கம்பியில் ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர். மூன்று முள் பிளக்கை இரண்டு ஓட்டையில் செருக ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிவிடுகிறோம். எர்த் அங்கேயே அறுந்துவிட்டது.

ஃபிரிட்ஜுக்குள் எங்கேயாவது லேசாகக் கசிந்தால் அந்தக் கரண்ட் பாடிக்கு வரும். எர்த் இருந்தால் மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் உங்களுக்காகக் காத்திருக்கும். கீழே ஆத்தங்குடிக் கல், ஈரத்துணி போட்டுத் துடைத்த தரை, வெறுங்கால், கையில் ஈரம். கரண்டுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. உலர்ந்த தோலைவிட நனைந்த தோலின் தடை பல மடங்கு குறைவு. "ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே" என்பதும் முழுக்க முழுக்க நிஜம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதையும் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள்.

ஆச்சி போட்ட செருப்பு கொஞ்சம் காப்பாற்றும், நோயைத் தீர்க்காது. ஒரு டெஸ்டரை ஃபிரிட்ஜ் பாடியில் வைத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற கருவி அது. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள்.

"ஃபியூஸ் இருக்கே" என்று பலர் கேட்பார்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர் தாண்டினால்தான் போகும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஃபியூஸும், அதற்குப் பதிலாக இப்போது வைக்கிற எம்.சி.பி. சுவிட்சும் கம்பியைக் காப்பாற்ற வைத்தவை, உங்களை அல்ல. ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். நம் ஊர் செம்மண் சித்திரை, வைகாசியில் காய்ந்து பாளமாகிவிடும். அப்போது எர்த் குழியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பும் கரியும் போட்டு வைத்ததே அந்த ஈரத்தை நம்பித்தான்.

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: இடி இடித்தால் எங்கள் ஐயா டிவி, ரேடியோ எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். செல்போனையும் அணைக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பிடுங்கியது நூற்றுக்கு நூறு சரி. சுவிட்சை அணைத்தால் போதாது. மேகத்திலிருந்து தரைக்குத் தாவி வருகிற மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கிற சின்ன இடைவெளி ஒரு பொருட்டா? இலங்கை டிவியான ரூபவாஹினி பிடிக்கிறதற்காக மாடிக்கு மேல் உயரமாகக் கம்பி நட்ட காலத்தில், கோடை மழை பெய்த மறுநாள் என் மேஜை நிறையக் கருகிய போர்டுகள் கிடக்கும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், ஆன்டெனா வயரை விட்டிருப்பார்கள். இப்போதும் அதேதான்: டிஷ் வயர், இன்டர்நெட் வயர் இரண்டையும் கழற்றுங்கள். மழை வருவதற்கு முன்னால் கழற்றுங்கள், தலைக்கு மேல் இடிக்கும்போது போய்க் கை வைக்காதீர்கள்.

கையில் வைத்திருக்கிற செல்போன் மின்னலை இழுக்காது. சார்ஜரில் மாட்டியபடி பேசுவதுதான் தப்பு. வயர் இணைப்புள்ள பழைய டெலிபோனும் ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளிப்பதையும் தள்ளிப்போடுங்கள். வளவு முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கக் கிடாரம் வைக்கிறவர்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்து இறங்குங்கள். அர்ச்சுனா, அர்ச்சுனா என்று சொல்வதை நிறுத்த வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரர், இப்போது சென்னையில் ஐ.டி. வேலை: ஸ்கூலில் கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வைரஸ் வந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

தூசிக்காகத் தம்பி. வைரஸ் பென் டிரைவில் வந்தது, அதை யாரும் வாசலில் கழற்றி வைக்கவில்லை.

கண்டனூர்: செல்போனைக் காதில் வைத்தால் மூளையில் கட்டி வரும் என்கிறார்களே?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை '2பி' என்ற வகையில் சேர்த்தது. வாய்ப்பு இருக்கலாம், போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். அதே வகையில் கிழக்காசிய நாடுகளில் போடுகிற காய்கறி ஊறலும் இருக்கிறது. எக்ஸ்ரேபோல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிற சக்தி செல்போன் அலைக்குக் கிடையாது. லேசாகச் சூடாக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் அதற்கு உச்சவரம்பு உடம்புத் திசு கிலோவுக்கு 1.6 வாட். *#07# அடித்தால் உங்கள் போனின் அளவு தெரியும். மனதுக்குச் சரியில்லை என்றால் ஸ்பீக்கரில் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பாவம்.

காரைக்குடி, ஓர் ஆச்சி: சிங்கப்பூரிலிருக்கிற மகன் மைக்ரோவேவ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஓடும்போது சமையல்கட்டிலேயே நிற்கக்கூடாது, சாப்பாடும் விஷம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

துணியை எடுங்கள் ஆச்சி. அதிலுள்ள அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடியில் தெரிகிற வலையின் ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதன் வழியே அலை வெளியே வராது. கதவைத் திறந்த நொடியே நின்றுவிடும். சாப்பாட்டில் எதுவும் தங்காது, சூடு மட்டும்தான் தங்கும். கதவு வளைந்தோ சரியாக மூடாமலோ இருந்தால் மட்டும் ஓட்டாதீர்கள்.

நான் பயப்படுவது உங்கள் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்துத்தான். பூப்போட்ட எனாமல் தூக்கு, எனாமல் சட்டி எல்லாம் நம் வீடுகளில் அடுக்கடுக்காக இருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சு, உள்ளே இரும்பு. வைத்தால் பொறி பறக்கும். தங்கக்கோடு போட்ட பீங்கானும் அப்படியே. அந்தக் கோடு நிஜமான உலோகம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதற்கெல்லாம் இன்றைக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே உள்ளே வைக்க மாட்டீர்கள். முழு முட்டையும் வேண்டாம், வெடிக்கும்.

குன்றக்குடி: ராத்திரி முழுக்க போன் சார்ஜ் போட்டால் வெடிக்குமா?

நிறைந்ததும் போன் தானே சார்ஜ் ஆவதை நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் வைப்பது, பெயர் தெரியாத சார்ஜர், உப்பிப்போன பேட்டரி, இந்த மூன்றுதான் ஆபத்து. பின்மூடி மேடாகத் தெரிந்தால் ஊசி வைத்துக் காற்றுப் பிடுங்குகிற வேலை வேண்டாம். தீப்பிடிக்கும்.

ஆத்தங்குடி: கேஸ் வாடை வந்தால் லைட் போடக்கூடாது என்பார்கள். லைட்டுக்கும் கேஸுக்கும் என்ன?

சுவிட்சுக்குள் வருகிற பொறி. இருட்டில் போட்டுப் பார்த்தால் பழைய சுவிட்சில் கண்ணுக்கே தெரியும். போடுவதில் மட்டுமில்லை, அணைப்பதிலும் பொறி வரும். எரிகிற லைட் எரியட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் கேஸ் வெளியே போய்விடும் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். உயரமான நிலைப்படி வைத்த அடுப்படியில் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். ரெகுலேட்டரை அணையுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்தபிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

அரியக்குடி, பேரனைப் பார்த்துக்கொள்ளும் ஐயா: ஒன்றரை வயதுப் பேரன் ரிமோட்டையே கடித்துக்கொண்டிருக்கிறான். ஷாக் அடிக்குமா?

அடிக்காதுங்கய்யா, உள்ளே இருப்பது 3 வோல்ட். ஆனால் அந்த ரிமோட்டின் பேட்டரி மூடியைத் தடவிப் பாருங்கள். உள்ளே நாணயம்போலத் தட்டையான பட்டன் பேட்டரி என்றால் இன்றைக்கே டேப் சுற்றுங்கள். நம் பெரியவர்கள் எவரும் சொல்லாத எச்சரிக்கை இது, அவர்கள் காலத்தில் அது வீட்டில் இல்லை. அதை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், எச்சில் ஈரத்தில் கரண்ட் ஓடி அந்த இடத்திலேயே காரம் உண்டாகும். நம் காரைக்குடி செக்ரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிற அதே மின்வேதியியல்தான். 2 மணி நேரத்துக்குள் சதை வெந்துவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பட்டன் பேட்டரி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கார்த்திகைக்கு வாங்குகிற எல்.இ.டி. அகல் விளக்கு, பாட்டுப் பாடும் பொம்மை, கார்ச் சாவி எல்லாவற்றையும் பாருங்கள். அகல் விளக்கின் அடி மூடிக்குப் பெரும்பாலும் ஸ்குரூகூட இருக்காது.

இன்னொன்று, மேஜைமேல் நிற்கிற டிவியைப் பேரன் பிடித்து இழுத்தால் மேலே விழும். சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

காளையார்கோவில்: பெட்ரோல் பங்கில் செல்போன் பேசினால் தீப்பிடிக்குமா?

செல்போன் அலையால் பிடித்ததாக உறுதியானது எதுவும் இல்லை. உடம்பில், துணியில் சேருகிற நிலைமின்சாரத்தால் பிடித்திருக்கிறது. பங்கில் பேசாதீர்கள் என்றால் பேசாதீர்கள், எவ்வளவு போட்டார் என்று மீட்டரைப் பாருங்கள்.

செக்காலை, பெயர் போட வேண்டாம் என்றவர்: சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தால் டியூப்லைட் போய்விடும் என்று அப்பச்சி முதுகில் போடுவார்கள். என் மகனும் இப்போது அதையே செய்கிறான். அடிக்கலாமா?

அப்பச்சி சொன்னது சரி. ஸ்டார்ட்டர் வைத்த டியூப்லைட் ஒவ்வொரு முறை எரியும்போதும் முனையில் பூசிய பூச்சு கொஞ்சம் உதிரும். இரண்டு முனையும் கறுப்பது அதனால்தான். எல்.இ.டி.யில் அந்தப் பூச்சே இல்லை. சுவிட்ச் மட்டும் தேயும். அடிக்க வேண்டாம், புது சுவிட்சின் விலையை அவன் உண்டியலில் எடுத்துக்கொள்ளுங்கள்.