நான்காவது டவுன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து அணியான பிலடெல்பியா ஈகிள்ஸின் 2017 பருவத்தை இப்போதுதான் முழுமையாகப் பார்த்தேன். டிசம்பரில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிகிறது. மாற்று ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸ் வந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையே வென்று தருகிறார். வென்ட்ஸ் ஆடியிருந்தால் இன்னும் எளிதாக வென்றிருப்பார்களா? கடைசியில் ஒரு தந்திர ஆட்டமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும்தானே கைகொடுத்தன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வென்ட்ஸ் மீது உங்களுக்குள்ள பரிவு எனக்குப் புரிகிறது. கிழிந்த காலோடு, அணி பந்தை இழக்காமல் முன்னேறிய அதே தொடரில், டச் டவுனுக்கு (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) எறிந்துவிட்டுத்தான் அவர் களத்தைவிட்டுப் போனார். ஆனால் ‘ஆடியிருந்தால்’ என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதிர்ஷ்டமா? ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டு இப்படி எழுத எப்படி மனம் வந்தது?

பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்கும் வீணானால் பந்து அங்கேயே எதிரணிக்கு. மூன்று வீணானால் நான்காவதில் பெரும்பாலான அணிகள் பந்தை உதைத்துவிடும்: கோல் அருகில் என்றால் 3 புள்ளிக்கு, தொலைவில் என்றால் எதிரணியிடமே தூரமாக (அதுதான் பண்ட்); பயிற்சியாளரை யாரும் திட்டமாட்டார்கள். ஈகிள்ஸ் பயிற்சியாளர் டக் பீட்டர்சனின் அணி அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் 26 முறை உதைக்காமல் ஆடியது, 17 முறை தேவையான தூரத்தைக் கடந்தது. சூப்பர் பவுலில் அது திடீரென்று முளைக்கவில்லை.

2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். முதல் பாதி முடிய 38 நொடி. ஈகிள்ஸ் 15, எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 12. கோல் கோட்டுக்கு ஒரு யார்டு, நான்காவது டவுன். உதைத்தால் 3 புள்ளி கிட்டத்தட்ட உறுதி. பீட்டர்சன் ஏன் உதைக்கவில்லை? தோற்றாலும் எதிரணி தன் கோட்டை ஒட்டிய ஒரு யார்டிலிருந்து, அரை நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். இரண்டாம் பாதியில் முதல் பந்து அவர்களுக்குத்தான். எதிரே நிற்பவர் அவர்களின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. அன்று அவர் எறிந்தது 505 யார்டு, பேட்ரியட்ஸ் ஒருமுறைகூட பண்ட் செய்யவில்லை. அந்த ஆட்டத்தில் மூன்று மூன்றாகச் சேர்த்துக் கரைசேர முடியாது.

இனி அந்தத் தந்திரம். ஷாட்கன்னில், அதாவது பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு (ஸ்னாப் செய்பவர்) சில யார்டு பின்னால், நின்ற ஃபோல்ஸ், ஏதோ சொல்ல வருபவர்போல வலப்பக்கத் தடுப்பாளர்களை நோக்கி நடக்கிறார். பந்து நேராக ஓட்டக்காரர் கோரி கிளெமென்டுக்குப் போகிறது. அவர் இடப்பக்கம் ஓடி, எதிரே வரும் சக வீரர் டிரே பர்ட்டனிடம் தட்டிவிடுகிறார். ஒரு கணம் சும்மா நின்ற ஃபோல்ஸ் கோல் கோட்டைத் தாண்டிய எண்ட் ஸோனுக்குள் நழுவுகிறார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பர்ட்டன் எறிகிறார், 22-12. பர்ட்டன் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காகவும் ஆடியவர். ஷாட்கன்னில் நிற்கும் குவார்ட்டர்பேக்கைத்தான் பந்து பிடிக்க விதி அனுமதிக்கிறது. ஸ்னாப் செய்பவரின் முதுகையொட்டி நின்றிருந்தால் செல்லாது. இதில் எது அதிர்ஷ்டம்? (ஈகிள்ஸின் ஆல்ஷான் ஜெஃப்ரி, பந்து வைத்த கோட்டுக்கு விதிப்படி போதிய அளவு நெருங்கி நின்றாரா என்ற வழக்கு ஓயவில்லை. நடுவர் விதிமீறல் கொடி வீசவில்லை.) அதே கால் பகுதியில் பிரேடிக்கும் இப்படியொரு பந்து வந்தது. ஆளில்லாத இடத்தில் விரல் நுனியில் பட்டு நழுவியது. தந்திரம் இரண்டு பக்கமும் இருந்தது, ஐயா.

பிலடெல்பியாவில் ஈகிள்ஸ் மைதானத்துக்கு வெளியே, பீட்டர்சனும் ஃபோல்ஸும் அந்தத் தந்திர ஆட்டத்தைப் பேசி முடிவெடுக்கும் கணத்துக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். எனக்கு அது தவறான டவுனுக்கு வைத்த சிலை. ஆட்டம் முடிய 5 நிமிடம் 39 நொடி, 32-33 என்று பின்தங்கிய நிலை, தங்கள் பாதியிலேயே 45 யார்டு கோடு, நான்காவது டவுன், தேவை ஒரு யார்டு. இங்கே தோற்றால் பந்து பிரேடியிடம், பாதி மைதானம் தாண்டினால் போதும் அவருக்கு. உதைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும் இடம். ஃபோல்ஸ் சக வீரர் ஸாக் எர்ட்ஸுக்கு ஒரு குட்டிப் பந்து எறிந்தார். கிடைத்தது 2 யார்டு. ஓட்டமில்லை, வேடிக்கையில்லை, தொகுப்புக் காட்சிகளில் பாதி பேர் வெட்டிவிடுகிறார்கள். அதே தொடரில், 2 நிமிடம் 21 நொடி மிச்சமிருக்க, எர்ட்ஸ் 11 யார்டு டச் டவுன். பிறகுதான் ஈகிள்ஸ் தடுப்பாட்டக்காரர் பிராண்டன் கிரஹாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டதும், 41-33 என்று முடிந்ததும்.

தொகுப்பை விட்டுவிட்டு முழு ஆட்டத்தை எடுங்கள். அந்த 5:39-இல் நிறுத்தி, எர்ட்ஸ் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பிறகு எழுதுங்கள்.