ஜூஸ் மெஷின் குளிரவில்லையா? கேஸ் ஏத்துவதற்கு முன்னால் அட்டைப்பெட்டியை எடுங்கள்

கேள்வி: கடையில் மூன்று தொட்டி ஜூஸ் டிஸ்பென்சர் வைத்திருக்கிறேன். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. சரியாகக் குளிர்வதில்லை, சாயங்காலத்துக்குள் புளித்த வாடை வருகிறது. கேஸ் தீர்ந்துவிட்டதா?

தீர்ந்துபோக அது அடுப்பு சிலிண்டர் இல்லைங்க. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் வாயு, ஓடுவதால் குறையாது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை. அந்த ஓட்டையைத் தேடிப் பற்றவைக்காமல் வெறுமனே ஏத்தினால் போன வழியே மறுபடியும் போகும். இரண்டு தடவை கேஸுக்குக் காசு அழுத பிறகு எனக்கு வந்த ஞானம் இது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

உங்கள் கடையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன்: மெஷின் சுவரை ஒட்டி நிற்கிறது, பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டி சாய்த்து வைத்திருக்கிறது, காலையில் பிழிந்த ஜூஸ் குளிராமலேயே தொட்டிக்குள் போகிறது. மதியம் பாதி காலியானதும் மேலேயே புதுசை ஊற்றுகிறீர்கள். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் செய்தது அதுதான்.

என் கடையின் மூன்றாவது வருஷம். வழக்கமாக வரும் ஒரு டீச்சர் திராட்சை ஜூஸை ரெண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கவுன்டரில் வைத்தார். "தம்பி, இது என்னமோ பொங்கின மாதிரி இருக்கே." எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "காலைல போட்டது டீச்சர்"னு குரலை உயர்த்திட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் காசை வைத்துவிட்டுப் போனார். அப்புறம் நானே ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். நாக்கு நுனியில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னதாகச் சுறுக்கென்றது. நொதித்த ஜூஸ்தான்.

உடனே மெஷின் மேல் பழியைப் போட்டேன். வந்த மெக்கானிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார், "கேஸ் கம்மி" என்றார், ஏத்தினார், போனார். இரண்டு நாள் அருமையாக இருந்தது. ஏன் தெரியுமா? அவர் வருகிறார் என்று தொட்டிகளைக் காலி செய்து கழுவி வைத்திருந்தோம். அந்தப் பெருமையெல்லாம் கேஸுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி அதே ஆள், மறுபடி கேஸ்.

(மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் மச்சானே ஏசி மெக்கானிக்தான், இதைப் படித்தால் சண்டைக்கு வருவான். அந்த ஆளுக்கு அவசரமோ என்னவோ.)

மூன்றாவதாக வந்தவர் வயசானவர். டூல் பையைத் திறக்கவே இல்லை. "பழைய டூத்பிரஷ் ஒண்ணு இருந்தா குடுங்க தம்பி" என்றார். மெஷினின் பக்கவாட்டில் நான் அடுக்கியிருந்த கப் பெட்டிகளைப் பார்த்து, "முதல்ல இந்த அட்டைப்பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் பேசுவோம்" என்றார். பெட்டியை எடுத்ததும் உள்ளிருந்து வந்த காற்று அனலாக முகத்தில் அடித்தது. தட்டியைக் கழற்றினார். கண்டென்சரின் மெல்லிய தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி, கையால் உரித்தால் ஒரே துண்டாக வருகிறது. ஜூஸிலிருந்து இழுத்த சூட்டை வெளியே தள்ளுகிற இடமே அதுதான். அது அடைத்துக்கொண்டால் கம்ப்ரசர், அதாவது வாயுவை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார், நாள் முழுக்க உறுமும், தொட்டி மட்டும் குளிராது.

அடுத்தது ஜூஸ் பிடிக்கும் குழாய். இதைத்தான் நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டும். திராட்சைத் தொட்டியின் குழாயைப் பிரித்து, உள்ளே இருக்கும் தண்டிலிருந்து ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் பழுப்பாக ஒரு பிசின், நத்தை போன தடம் மாதிரி வழவழவென்று. முகர்ந்து பார்க்கச் சொன்னார். டீச்சர் சொன்ன அதே வாடை. தினமும் ராத்திரி தொட்டியைப் பளபளவென்று தேய்த்தவன்தான் நான், சத்தியமாக. ஆனால் குழாயில் வெந்நீரை ஓடவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். ஒவ்வொரு டம்ளரும் அந்தப் பிசினைத் தடவிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறது.

பழரசம் புளிப்பு, அதில் கிருமி வளராது என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. பல பாக்டீரியாக்களுக்குப் புளிப்பு ஆகாது, உண்மைதான். ஆனாலும் சில ஆபத்தான வகைகள் புளிப்பிலும் உயிரோடு கிடக்கும். ஈஸ்ட்டுக்கோ புளிப்பும் சர்க்கரையும் விருந்து. மிச்ச ஜூஸின் மேல் புது ஜூஸை ஊற்றுவது பாலுக்கு உறை ஊற்றுகிற கதைதான். நாமே விதை போட்டுவிட்டு மெஷினைத் திட்டுகிறோம்.

இன்னொன்று. இந்த மெஷின் குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருப்பதற்கு. வெதுவெதுப்பாக ஊற்றினால் 5 டிகிரிக்கு வர மணிக்கணக்காகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு ஊற்றுங்கள். குளிர் அளவைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை முழுசாகத் திருகிவைப்பது தீர்வு இல்லை. நான் ஒரு ராத்திரி கலக்கும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் குளிர் சுவிட்சை விட்டுவிட்டேன். காலையில் தொட்டிக்குள் குளிர்விக்கிற நடு உருளையைச் சுற்றிக் கை தடிமனுக்கு ஐஸ். கலக்கியைப் போட்டதும் கரகரவென்று ஒரு சத்தம், வயிற்றைப் பிசைந்தது.

கழுவுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷினோடு வந்த கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் அதன்படியே செய்யுங்கள், அப்புறம் என்னைப் பிடிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடி, தொட்டி, கலக்கி, குழாய், அடி கேஸ்கட் (தொட்டிக்கு அடியில் கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்), சொட்டுத் தட்டு எல்லாவற்றையும் தினமும் கழற்றுங்கள். வெதுவெதுப்பான நீர், லேசான சோப்பு, மெத்தென்ற பிரஷ். கொதிநீரும் கம்பி நாரும் ஸ்பிரிட்டும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது, தொட்டியின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் முடி முடியாக விரிசல் விடும். அலசியபின் குளோரின் தண்ணீர்: 5 சதவீத, வாசனை சேர்க்காத ப்ளீச் லிட்டருக்கு 2 மில்லி, அது 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு குளோரின் வரும். அதில் ஊறவைத்து எடுத்துக் காற்றில் காயவிடுங்கள், துணியால் துடைக்காதீர்கள், துணியில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும். கேஸ்கட்டை மாட்டும்போது உணவுத் தர கிரீஸ் ஒரு துளி. உலர்ந்த கேஸ்கட் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் காலையில் கவுன்டர் முழுக்க ஜூஸ் குளம். மெஷின் உடம்பின் மேல் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், ஈரத் துணி போதும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன, சொல்லவேண்டியதைச் சொல்லியே ஆகணும். அந்தத் திராட்சை ஜூஸைப் பற்றி இணையத்தில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. என் கடைக்கு இணையத்தில் வந்த ஒரே ஒற்றை நட்சத்திர விமர்சனம் எதற்குத் தெரியுமா? "போனேன், கடை மூடியிருந்தது." அது என் அப்பா இறந்த நாள். நீக்கச் சொல்லி நாலு தடவை எழுதினேன், விதிமீறல் எதுவும் இல்லை என்று நாலு தடவையும் ஒரே பதில். சரி, அது வேறு கதை.

உங்கள் மெஷினுக்கு வருவோம். கண்டென்சர் தகடுகளை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள், குறுக்கே தேய்த்தால் மடங்கும். மாதம் ஒரு தடவை போதும், அடுப்புப் புகை பக்கத்தில் இருந்தால் இன்னும் அடிக்கடி. காற்றுத் துவாரம் இருக்கிற பக்கமெல்லாம் ஒரு சாண் இடம் விடுங்கள். அதன்பிறகு தொட்டியில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டுப் பாருங்கள். கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டும் அரை மணி நேரத்தில் நடு உருளை துளிகூடச் சில்லிடவில்லையா, கம்ப்ரசர் கிளம்பவே இல்லையா, அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் கேஸ் என்று சொன்னால், "லீக் எங்கே, காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிஷம் கழித்தே போடுங்கள். உள்ளே அழுத்தம் சமனாகாமல் கம்ப்ரசரைக் கிளப்பினால் அது திணறும்.

குழாயின் ரப்பர் வளையம் ஒரு செட் கைவசம் இருக்கட்டும். வெடிப்போ தளர்ச்சியோ தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கடையில் "ஜூஸ் மெஷின் வாஷர்" என்று கேட்டால் கிடைப்பது பொருந்தாது. மெஷின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என் மெஷினில் அதுவும் அந்தக் கம்பளித் தூசிக்கு அடியில்தான் இருந்தது.