சாமியை மட்டும் நம்பினால் போதுமா?

கேள்வி: வட்டிக் கடனில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். "மனுஷங்களை நம்பாதே, சாமியை மட்டும் நம்பு" என்கிறார் என் மாமியார். இது நடைமுறைக்கு ஒத்து வருமா?

ஒத்து வரும். ஆனால் யாரிடமும் வாய் திறக்காமல் பூஜையறையில் உட்கார்ந்திருப்பதுதான் நம்பிக்கை என்று உங்கள் மாமியார் நினைத்தால், எங்கள் ஊர் திரௌபதி அம்மனே அந்தக் கணக்கில் தேறமாட்டாள்.

எனக்குப் பாலக்கோடு பக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பாரதத் திருவிழா எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் துரியோதனன் சாவை நடத்திக் காட்டும் படுகளம். துகிலுரிதல் ராத்திரியில் மட்டும் பாய் விரிக்க இடம் கிடைக்காது. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, வேஷத்துக்காகத் தொடறேன், மன்னிச்சிடு" என்பார். எதிரே திரௌபதியாக நிற்பவர் மதியம் எங்கள் தெரு டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்தான். இருந்தாலும் பெண்கள் அழுவார்கள். அவள் ஒரு கையால் சேலையைப் பிடித்திருந்த வரைக்கும் கண்ணன் வரவில்லை, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்ட பிறகுதான் வந்தான் என்று பிரசங்கியார் சொல்லும்போது கூட்டமே "கோவிந்தா" போடும்.

உங்கள் மாமியார் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். ஆனால் இதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது. அதை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். திரௌபதி அந்தச் சபையில் எடுத்த எடுப்பில் கண்ணனைக் கூப்பிடவில்லை. "தருமர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே இழந்தவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?" என்று கேட்கிறாள். பச்சையான சட்டக் கேள்வி. பீஷ்மரே தருமத்தின் வழி நுட்பமானது என்று மழுப்புகிறார். கௌரவர் பக்கத்திலிருந்து விகர்ணன் ஒருவன் எழுந்து அவளுக்காகப் பேசுகிறான். அதுவும் எடுபடாமல் போன பிறகுதான் கை மேலே போகிறது.

எங்கள் வீட்டுக்கும் ஒரு சபை வந்தது. அப்பா நிலத்தில் போர்க்கிணறு போடக் கடன் வாங்கினார். எங்கள் பக்கம் ஆயிரம் அடி இறக்கினாலும் புகைதான் வரும் என்பது ஊரறிந்த கதை. புகைதான் வந்தது. அந்தக் கவலையோடு அவருக்குப் பக்கவாதமும் வந்தது. அப்போது சொந்தக்காரர் ஒருவர், ஊரில் கொஞ்சம் பெரிய கை, முழுக்கடனையும் தானே அடைத்துவிடுவதாக வந்தார். மஞ்சப்பையில் பத்திரம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "சும்மா பேருக்கு ஒரு கையெழுத்து, தங்கச்சி. பணம் வந்ததும் திருப்பி எழுதிக்கலாம்" என்றார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அதை அப்படியே சத்தமா ஒரு தடவை படிங்கண்ணா" என்றாள். அவர் படித்தார். நடுவில் 'சுத்தக் கிரயம்', அதாவது நிலத்தை முழுசாக விற்றுக் கொடுப்பது, என்று வந்ததும் அம்மா, "போதுங்கண்ணா, காபி ஆறிடும்" என்றாள்.

அவர் போன பிறகு நான்தான் பதறினேன். அம்மா ஒரே வார்த்தையில், "அம்மன் பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். மறுநாளே அந்த மாட்டை விற்க ஆள் பார்த்தாள் என்பது வேறு விஷயம். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்தாள், தாய்மாமனிடம் கேட்டாள், தவணை தரச் சொல்லிக் கடன்காரரிடமே போய் நின்றாள். அப்பாவை அரசு மருத்துவமனையில்தான் சேர்த்தோம். கடன் முடிய வருஷங்கள் ஆயின. அப்பாவின் இடது கை கடைசிவரை சரியாகவில்லை. நிலம் மட்டும் இருக்கிறது.

இதில் சாமி எங்கே வந்தார் என்றால், அந்தக் கட்டில் பக்கத்தில் என்றுதான் சொல்வேன். பயந்தவர்கள் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவரை விட்டால் நமக்கு வேறு நாதி இல்லை என்று தோன்றினால், பத்திரத்தைப் படிக்கச் சொல்லும் தைரியமே வராது. அம்மாவுக்கு வேறு நாதி இருந்தது. அதனால் உதவிகளில் எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று அவளால் பார்க்க முடிந்தது.

பாரதத்திலும் அதற்குப் பின்னால் இப்படித்தான். திருதராஷ்டிரன் பயந்துபோய் வரம் கேள் என்கிறான். எதிரியின் தகப்பன்தான், இருந்தாலும் திரௌபதி வாங்கிக்கொள்கிறாள். முதல் வரத்தில் தருமருக்கு விடுதலை, இரண்டாவதில் மற்ற நால்வருக்கும் ஆயுதம், தேரோடு விடுதலை. மூன்றாவது கேள் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். இனி அவர்கள் தங்கள் கையால் பிழைத்துக்கொள்வார்களாம். எனக்குப் பாரதத்திலேயே பிடித்த இடம் இது. கூத்தில் இதற்குக் கைதட்டல் கிடையாது. அதற்குள் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவிலேயே இதே அம்மனுக்குக் காப்புக் கட்டி, இதே மாதிரி நம்பி, நிலத்தை இழந்து ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன குடும்பம் உண்டு. அவர்கள் நம்பிக்கை குறைச்சல் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவர்களுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை. அவர்கள் இன்றும் திருவிழாவுக்கு வந்து கூழ் ஊற்றுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதியமான்கோட்டை காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியன்று பூசணிக்காய் விளக்குப் போடுங்கள், தப்பே இல்லை. கூடவே, வாங்கிய தொகை, கட்டிய வட்டி எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் அடங்கும். மூன்று வருஷம் வரை சிறை உண்டு. கொடுக்க வேண்டிய பணத்தைக் கோர்ட்டில் கட்டவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வெற்றுப் பத்திரத்திலோ, தொகை எழுதாத செக்கிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். கையில் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.