பவழமல்லிக்குக் கீழே ஒரு பழைய வேட்டி

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை, மாயவரம்

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் வைத்த பவழமல்லி வாசலில் நிற்கிறது. தினமும் விடிந்தால் தரையெல்லாம் பூ. அம்மா குனிந்து பொறுக்கிய இடத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் பின்வாசல் வழியாகவே போய்வருகிறேன். ‘ஒரே குப்பை, வெட்டிவிடலாம்’ என்கிறார் கணவர். வெட்டவும் மனசு வரவில்லை. என்ன செய்ய?
— வாசகி, திருச்சி

வெட்ட வேண்டாம். முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பவழமல்லியை அதன் போக்கில் விட்டால் மாடி வரை போகும். கிளை தாறுமாறாகப் படரும், கோடையில் இலை கொட்டும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பூக்காலம் முடிந்த பிறகு தை, மாசியில் ஆள் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும் ஜாதி அது. கை எட்டும் உயரத்தில் அடர்த்தியாக நிற்கும், அடுத்த மழைக்காலத்தில் பழையபடி பூக்கும். குப்பைப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

அப்புறம் உங்கள் விஷயம். அம்மா இல்லை, இது மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி பூத்துக்கொட்டுகிறதே என்று ஒரு கோபம் வந்திருக்குமே? வந்தால் வரட்டும். மரத்தின் மேல் கோபப்பட்டால் மரம் திருப்பிக் கோபித்துக்கொள்ளாது. மனிதர்கள் மேல் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

என் கணவர் போன பிறகு நானும் கொல்லைப்பக்கம் போகாமல்தான் இருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வந்து, ‘டீச்சர், கிணற்றடிச் செடியெல்லாம் கருகுது, கண்ணு தெரியலையா?’ என்று சத்தம் போட்ட பிறகே குடத்தைத் தூக்கினேன். அன்றைக்கு எந்த ஞானமும் வந்துவிடவில்லை, இடுப்புவலிதான் வந்தது. ஆனால் ராத்திரி தூங்கினேன். அதற்கு முன்னால் பலபேர் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனாலும் அவர்கள் பேச்சில் தூக்கம் வரவில்லை.

அதனால் உங்களுக்கும் ஒரு சின்ன வேலை தருகிறேன். பவழமல்லி அந்தியில் மொட்டவிழ்ந்து, இரவெல்லாம் மணத்து, விடியும்போது தானாக உதிர்ந்துவிடும். வெள்ளைப் பூவும் ராத்திரி வாசனையும் அந்துப்பூச்சிகளை வரவழைக்கத்தான், நமக்காக இல்லை. நமக்குக் கிடைப்பது அதன் வேலை முடிந்த பிறகு மிச்சம். நீங்கள் படுக்கப்போகும் முன் ஒரு பழைய வேட்டியை மரத்தடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். காலையில் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் பூ மொத்தமும் கையில். அம்மா குனிந்த இடத்தில் நீங்கள் நின்று குனிய வேண்டியதில்லை. காம்பின் ஆரஞ்சு நிறம் வேட்டியில் ஒட்டும், பரவாயில்லை. அந்தக் காம்பிலிருந்து துணிக்குச் சாயமே எடுத்திருக்கிறார்கள்.

கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். மற்ற பூவுக்கு ஆகாது என்பதுதான் வழக்கம். பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு, உதிர்ந்ததைத்தான் எடுக்கிறோம். பறிப்பதற்கு அது யாருக்கும் நேரம் கொடுப்பதில்லையே. வேட்டியில் விழுந்தால் மண்ணும் படாது. பூஜை செய்ய இப்போது மனசில்லையா? ஒரு உருளியில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவையுங்கள், மதியத்துக்குள் வதங்கிவிடும். மறுநாள் புதிது.

தட்டையாக, வட்டமாக ஒரு காய் காய்க்கும், உள்ளே இரண்டு விதை. உடன்பிறந்தவர்கள் இருந்தால், நாற்று விட்டு ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அம்மாவின் நகையைப் பங்கு பிரிப்பதைவிட இதில் சண்டை குறைவு.

கேள்வி: பூவைப் பறிப்பது பாவமா? செடியிலேயே இருந்தால்தானே அழகு? பாட்டியோடு இதற்காக தினமும் வாக்குவாதம்.
— கல்லூரி மாணவி, கும்பகோணம்

இந்த வாக்குவாதத்தில் உனக்குப் பெரிய ஆள் ஒருவர் துணை இருக்கிறார். பார்க்கிற மலருக்குள்ளும் நீயே இருக்கிறாய், அதனால் பனி படிந்த இந்தப் பூவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று சிவனிடமே சொன்னவர் தாயுமானவர். பாட்டியிடம் போய்ச் சொல்லு.

ஆனால் பாட்டியும் ஆள் இல்லாமல் நிற்கவில்லை. திருப்புகலூரில் முருக நாயனார் விடியுமுன் எழுந்து குளித்துவிட்டு, மரத்தில் பூப்பது, கொடியில் பூப்பது, நீரில் பூப்பது, நிலத்தில் பூப்பது என்று நாலு வகையும் தனித்தனிக் கூடையில் பறித்து மாலை கட்டியே நாயன்மார் வரிசையில் இடம் பிடித்தார். ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வாருக்கு நந்தவனமும் பூக்குடலையும்தான் அடையாளம். ஆக, இரண்டு பக்கமும் பக்திதான். எனக்கு இதில் தீர்ப்பு சொல்ல ஆசை இல்லை.

தாவரவியல் டீச்சராக மட்டும் ஒன்று சொல்கிறேன். செம்பருத்தி பெரும்பாலும் ஒரு நாள் பூ. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் சாயங்காலம் சுருண்டுவிடும். மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். அதனால்தான் கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்கிறார்கள். வெட்டுவதால் அது கெட்டுப்போவதில்லை. செடிக்கு உண்மையில் வலிப்பது கிளையை வளைத்து முறிப்பதும், மொட்டு, துளிர் எல்லாவற்றையும் சேர்த்து உருவுவதும்தான். பாட்டி அப்படிச் செய்தால் தாராளமாகச் சண்டை போடு. நகத்தால் காம்பைக் கிள்ளி எடுத்தால் விட்டுவிடு. செடிக்கு நாலு பூ மிச்சம் வைக்கச் சொல்லு, தேனீக்கும் வேண்டும்.

கேள்வி: அபார்ட்மென்ட் பால்கனி. காலை வெயில் மூன்று நாலு மணி நேரம். மாமியாருக்கு பூஜைக்குப் பூ வேண்டுமாம். எது வரும்?
— வாசகி, சென்னை

சங்குப்பூ. விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றுங்கள், கிரில்லைப் பிடித்து ஏறிக்கொள்ளும். பயறு வகைச் செடி, வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும், உரச் செலவு குறைவு. கூடவே ஒரு தொட்டியில் நந்தியாவட்டை. அரை நிழலிலும் ஒன்றிரண்டு பூக்கும். ரோஜா வேண்டாம், அந்த வெயிலில் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

கேள்வி: வேலை போன பிறகு மனச்சோர்வு. டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். ‘மண்ணைத் தோண்டினாலே போதும், மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியா மனச்சோர்வைப் போக்கிவிடும்’ என்று வாட்ஸப்பில் வந்தது. தோட்டம் போட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?
— வாசகர், சேலம்

விடக் கூடாது. தோட்டத்தைப் பற்றி எழுதிச் சம்பாதிக்கிற நானே சொல்கிறேன்.

அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? 2007-இல் பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு மண் பாக்டீரியாவை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளின் மூளையிலும் நடத்தையிலும் சில மாற்றங்கள் தெரிந்தன. அது எலி, ஊசி, ஆய்வுக்கூடம். அதிலிருந்து சேலத்தில் மண்வெட்டி பிடிக்கும் மனிதர் வரைக்கும் பாலம் கட்டியது வாட்ஸப்தான். ரோஜாப் படம் போட்டு ‘காலை வணக்கம்’ அனுப்புகிற கூட்டத்திடம் எனக்கு ஏற்கெனவே பொறுமை கிடையாது. இது அதைவிட ஆபத்து.

இயற்கை ஒன்றும் செய்யாது என்று சொல்லவில்லை. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைசிகிச்சை ஆனவர்கள். 23 பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலிமருந்து குறைவாகத் தேவைப்பட்டது, ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைக் கேளுங்கள், முக்கால் நாள் எவ்வளவு பெரிது என்று. ஆனால் பித்தப்பையை எடுத்தது டாக்டர், மரம் இல்லை.

மாத்திரை அதன் வேலையைச் செய்யட்டும். கூட்டவோ குறைக்கவோ உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ராத்திரியில் மனசு மிகவும் கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தோட்டம் என்று பெரிதாக எதுவும் தொடங்க வேண்டாம். தோட்டம் காய்ந்தால் அதுவும் ஒரு தோல்வி என்று மனசு கணக்கு எழுதிவிடும். ஒரே ஒரு தொட்டி, அந்திமந்தாரை. மிளகு போன்ற கறுப்பு விதை, யார் வீட்டு வாசலிலும் கிடைக்கும், கவனிக்காவிட்டாலும் சாகாது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் பூ விரியும். வேலை இல்லாதவருக்குப் பகலில் இழுத்துக்கொண்டே போகிற நேரம் அதுதான், எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு சொம்பு தண்ணீரோடு போய் நில்லுங்கள். முடியாத நாளில் போகாதீர்கள். விதை விஷம், வீட்டில் குழந்தை இருந்தால் கவனம்.

கேள்வி: நான் கத்தோலிக்கன், ஓய்வுபெற்ற தபால் ஊழியர். மனைவியின் கல்லறையில் ஏதாவது செடி வைக்க ஆசை. தண்ணீர் வசதி இல்லை, ஆடு வேறு மேய்கிறது. நித்தியகல்யாணி வைக்கலாமா? வீட்டிலும் அதையே வைத்தேன், ‘சுடுகாட்டுப் பூவை வாசலில் வைக்காதீர்கள்’ என்கிறார் பக்கத்து வீட்டம்மா.
— வாசகர், பாளையங்கோட்டை

ஐயா, இரண்டு இடத்திலும் வையுங்கள்.

சுடுகாட்டுப் பூ என்று பெயர் வந்ததற்கு நீங்கள் சொன்ன காரணமே போதும். தண்ணீர் இல்லாத இடத்திலும் நிற்கும், ஆடு வாய் வைக்காது. கசப்பு, விஷமும் கூட. மற்ற செடியை எல்லாம் ஆடு மேய்ந்த பிறகு இது மட்டும் பூத்துக்கொண்டு நிற்பதால், செத்தவர்களோடு சேர்த்துப் பேசிவிட்டார்கள். அதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. நம் ஊர்ச் சுடுகாட்டுக்கும் அதற்கும் ஆதியில் ஒரு சம்பந்தமும் இல்லை.

உங்கள் பக்கத்து வீட்டம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். இந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் வந்தன. 1960-களிலிருந்து புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றைக்கும் முக்கியமான மருந்து. இலையில் அது இருப்பது மிக மிகக் கொஞ்சம், அதனால் மூட்டை மூட்டையாக இலை வேண்டும். உங்கள் தென்மாவட்டங்களிலேயே மானாவாரி நிலத்தில் பயிர் செய்கிறார்கள். ஆனால் யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிட வேண்டாம். மருந்து என்று சொன்னவுடன் அடுப்பில் ஏற்றுகிற வழக்கம் நமக்கு உண்டு, அதனால்தான் இந்த எச்சரிக்கை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்தினம் சுத்தம் செய்யப் போவீர்கள் அல்லவா, அப்போதே நடுங்கள். ஐப்பசி மழை தண்ணீர்க் கவலையைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளையும் ஊதாவும் கலந்து வைத்தால் நன்றாக இருக்கும். ஓரத்தில் வாடாமல்லி விதையைத் தூவலாம், ஆனால் அதை ஆடு விடாது, சுற்றி முள் வைக்க வேண்டிவரும். கடையில் வாங்கும் சாமந்தி மாலை இரண்டாம் நாள் அழுகிவிடும். அதற்காக வாங்காமல் இருக்காதீர்கள், அன்றைக்கு மாலை இல்லாமல் போனால் உங்களுக்கே மனசு கேட்காது.

காட்டுப் பூக்கள் எப்படி வளர்கின்றன என்று பாருங்கள் என்று இயேசு மலையில் உட்கார்ந்து சொன்னது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் காட்டியது யாரும் நட்டு வளர்க்காத பூவை. நித்தியகல்யாணியும் ஒரு வருடம் நட்டால் போதும், பிறகு அதுவே விதை சிந்தி முளைத்துக்கொள்ளும். உங்களுக்கு நடக்க முடியாமல் போகிற காலத்திலும் அந்த இடத்தில் பூ இருக்கும். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதினேன். தபால்காரருக்கு நேராகச் சொன்னால் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: விடிகாலையில் வாக்கிங் போகிறவர்கள் பிளாஸ்டிக் பையோடு வந்து என் காம்பவுண்டுச் செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாவற்றையும் காலி செய்துவிடுகிறார்கள். கேட்டால் ‘சாமிக்குத்தானே’ என்கிறார்கள். திருட்டுப் பூ சாமிக்கு ஆகுமா?
— வாசகர், கோவை

சாமியின் கருத்து எனக்குத் தெரியாது. வளர்த்தவனுக்கு ஆகாது, அது நிச்சயம். நீங்கள் தண்ணீர் ஊற்றி, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்து வளர்த்ததை, புண்ணியம் மட்டும் அவர்கள் பேரில் எழுதிக்கொண்டால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

போர்டு மாட்டிப் பலனில்லை, இருட்டில் யார் படிக்கப்போகிறார்கள்? ஒரு நாள் அவர்களுக்கு முன்னால் எழுந்து வாசலில் நில்லுங்கள். வருகிறவரிடம் பென்சில் தடிமனில் செம்பருத்திக் குச்சி இரண்டு, நந்தியாவட்டைக் குச்சி இரண்டு வெட்டிக் கையில் கொடுங்கள். இரண்டுமே குச்சியில் வேர் பிடிக்கும். மழைக்காலம் என்றால் இன்னும் சுலபம். ‘உங்கள் வீட்டிலேயே பூக்கும், நடந்து வர வேண்டியதில்லை’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பாதிப் பேர் வெட்கப்பட்டு வழியை மாற்றிக்கொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் நிஜமாகவே நட்டுவிட்டு, மொட்டு கொட்டுகிறதே என்று உங்களிடமே சந்தேகம் கேட்க வருவார்கள். அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.